டாங்கியை ஏன் மாற்றினார்கள்?

1942-ம் ஆண்டு ஜூன் மாதம் 21-ந் தேதி.

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், வெள்ளை மாளிகையில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் பிரிட்டிஷ் பிரதம மந்திரி சர்ச்சிலும் பேசிக்கொண்டு இருந்தார்கள்.

அப்போது ஒரு தந்தி வந்தது. ரூஸ்வெல்ட் அதை வாங்கிப் படித்தார். ஒன்றும் பேசாமல் சர்ச்சிலிடம் நீட்டினார்.

டோப்ரக் விழுந்துவிட்டது என்பதே அதில் இருந்த சேதி!

டோப்ரக், வட ஆப்பிரிக்காவில் லிபியா நாட்டுக் கடற்கரையில் உள்ள துறைமுகம். முந்தின ஆண்டில் சுமார் 8 மாத காலம் ஜெர்மானியரின் முற்றுகையைத் தாங்கி நின்ற ஊர் அது. இப்போது ஒரே நாள் சண்டையில் போய்விட்டது. சுமார் 33 ஆயிரம் பேர் கைதானார்கள். தென்னாப்பிரிக்கர்களும் ஆங்கிலேயர்களும் அதில் இருந்தார்கள். இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

சர்ச்சிலுக்குப் பெரிய அதிர்ச்சி. அவமானம் வேறு.

என்ன உதவி வேண்டும் என்று ரூஸ்வெல்ட் கேட்டார். சர்ச்சில் பணம் கேட்கவில்லை. ஆள் கேட்கவில்லை. "ஷெர்மன்" டாங்கிகளில் எத்தனை கொடுக்க முடியுமோ அத்தனையும் கொடுங்கள், சீக்கிரம் எகிப்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டாங்கியை முதன்முதலில் போர்க்களத்துக்குக் கொண்டுவந்த நாடே பிரிட்டன்தான். 1916-ம் ஆண்டு, முதல் உலக யுத்தத்தின்போது அது நடந்தது. அப்படிப்பட்ட நாட்டின் பிரதம மந்திரி, 26 ஆண்டுகளுக்குப் பிறகு, இன்னொரு நாட்டிடம் டாங்கி கேட்டு நின்றார். சொந்தத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் டாங்கிகள் தயாராகிக்கொண்டு இருந்தபோதே அப்படிக் கேட்டார்!

ஏன்? தம்முடைய டாங்கிகளில் என்ன குறை?

குறையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பாலைவனத்துக்குப் போகவேண்டும்.

இரண்டு ராத்தல் குண்டு

1941-ல் பிரிட்டிஷ் படை பெரிதும் நம்பியிருந்த டாங்கிகளில் ஒன்று "குருசேடர்". பார்வைக்கு அழகானது. தாழ்ந்த உருவம், நல்ல வேகம். எடை சுமார் 19 டன்.

அதன் பீரங்கியை "இரண்டு ராத்தல் பீரங்கி" என்பார்கள். குழாயின் வாய் அகலம் 40 மில்லி மீட்டர். அதிலிருந்து பாயும் குண்டின் எடை சுமார் 2 ராத்தல். ஆகவே அந்தப் பெயர்.

பீரங்கிக் குண்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கெட்டியான உருக்குக் குண்டு. அது வெடிக்காது. வேகமாகப் பாய்ந்து எதிரி டாங்கியின் கவசத்தைத் துளைக்கும். மற்றொன்று, உள்ளே வெடிமருந்து அடைத்த குண்டு. அது விழுந்த இடத்தில் வெடித்து, சுற்றிலும் சில்லுகளை வாரி இறைக்கும்.

குருசேடர் டாங்கிக்குக் கொடுக்கப்பட்டது முதல் வகைக் குண்டு மட்டுமே. வெடிக்கும் குண்டு கொடுக்கப்படவில்லை.

அப்போது நிபுணர்கள் நினைத்தது இதுதான்: டாங்கியின் வேலை எதிரி டாங்கியுடன் சண்டை போடுவது. அதற்குத் துளைக்கும் குண்டு போதும். மற்றவர்களைக் கவனிக்க யந்திரத் துப்பாக்கி இருக்கிறது. வெடிகுண்டு போடுவது பீரங்கிப் படையின் பொறுப்பு.

காகிதத்தில் இது சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஜெர்மன் தளபதி ரோமல் இந்தக் கணக்குப்படி சண்டைக்கு வரவில்லை.

ஒளிந்திருந்த பீரங்கி

ஜெர்மானியரிடம் 88 மில்லி மீட்டர் பீரங்கி ஒன்று இருந்தது. ஆகாய விமானத்தைச் சுடுவதற்காகச் செய்தது அது. குண்டு மிக உயரத்துக்குப் போகவேண்டும் என்பதால் அதற்கு வேகம் அதிகம். அந்தக் குழாயைத் தாழ்த்தித் தரையில் வரும் டாங்கியைச் சுட்டால் என்ன ஆகும்? 2 ஆயிரம் கஜ தூரத்தில் வரும் டாங்கியையும் அது துளைத்துவிடும்!

ரோமலின் ஆட்கள் மணலில் பள்ளம் தோண்டி இந்தப் பீரங்கியை இறக்கி வைத்தார்கள். வெளியே தெரிவது குழாயும் ஒரு சிறு கேடயமும்தான். பாலைவனத்துக் கானலில் அதுவும் கண்ணுக்குத் தெரியாது. இதைவிடச் சிறிய 50 மில்லி மீட்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளும் அங்கங்கே பதுங்கி இருக்கும்.

முதலில் ஜெர்மன் டாங்கிகள் முன்னே வரும். சிறிது சுடும். பிறகு பின்வாங்கும். எதிரி ஓடுகிறான் என்று பிரிட்டிஷ் டாங்கிகள் துரத்தும். துரத்திக்கொண்டு நேரே அந்தப் பீரங்கி வரிசையின் முன்னால் போய் நிற்கும். அவ்வளவுதான்.

1941-ம் ஆண்டு ஜூன் மாதம் 15-ந் தேதி எகிப்து எல்லையில் பிரிட்டிஷ் படை பெரிய தாக்குதல் ஒன்றைத் தொடங்கியது. அங்கே ஹல்பயா என்ற கணவாய் இருக்கிறது. அதுவரை எந்தக் குண்டும் துளைக்காது என்று பெயர் வாங்கியிருந்த "மாடில்டா" டாங்கிகள் அதன் மேல் ஏறின. 88 மில்லி மீட்டர் பீரங்கிகள் அவற்றை ஒவ்வொன்றாக எரித்துவிட்டன. அந்தக் கணவாய்க்கு ஆங்கிலச் சிப்பாய்கள் "நரக நெருப்புக் கணவாய்" என்று பெயர் வைத்தார்கள்.

மூன்றே நாட்களில், அடிபட்டும் பழுதாகியும், 91 பிரிட்டிஷ் டாங்கிகள் போயின. ஜெர்மனிக்கு முற்றிலும் நஷ்டமானவை 12 டாங்கிகள்தான்.

டாங்கிக்குள் இருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

எங்கிருந்து குண்டு வருகிறது என்று முதலில் தெரியாது. பக்கத்தில் வந்த டாங்கி தீப்பற்றி எரியும்போதுதான் தெரியும். தூரத்தில் ஒரு புழுதிக் கீற்று தெரிகிறது. அங்கேதான் பீரங்கி இருக்கிறது. நன்றாகக் குறி பார்த்துச் சுடுகிறார்கள். இரண்டு ராத்தல் இரும்பு, பீரங்கிக்கு ஒரு முழம் தள்ளி மணலில் புதைகிறது. ஜெர்மன் வீரர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பீரங்கியின் மேலேயே நேராகப் பட்டால்தான் பலன். யந்திரத் துப்பாக்கியோ அவ்வளவு தூரம் எட்டாது.

இதே இடத்தில் ஒரு வெடிகுண்டு பத்தடி தள்ளி விழுந்திருந்தாலும் போதும். சில்லுகள் பறந்து பீரங்கியை இயக்குபவர்களைச் சாய்த்திருக்கும். அந்த வெடிகுண்டுதான் டாங்கியில் இல்லை.

மிச்சம் இருந்த வழி ஒன்றே ஒன்று. முழு வேகத்தில் அந்தப் பீரங்கியை நோக்கி ஓட்டுவது. ஆயிரம் கஜத்துக்கு மேல் திறந்த வெளி. மறைவதற்கு ஒரு புதர் இல்லை. போனவர்களில் பலர் திரும்பவில்லை.

டாங்கிப் படைக்குப் பக்கத்திலேயே போதுமான பீரங்கிப் படையையும் காலாட்படையையும் சேர்த்து அனுப்பியிருந்தால் நஷ்டம் குறைந்திருக்கும். அப்படிச் சேர்ந்து போரிடும் பழக்கம் பிரிட்டிஷ் படைக்கு அப்போது போதவில்லை. எனவே குற்றம் முழுவதும் டாங்கியின் தலையில் அல்ல. தளபதிகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் பலன் அனுபவித்தது டாங்கிக்குள் இருந்தவர்கள்.

நடுவழியில் நின்ற வண்டி

குருசேடருக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. அடிக்கடி நின்றுவிடும்!

அதன் என்ஜின், முதல் உலக யுத்தக் காலத்தில் ஆகாய விமானத்துக்காகச் செய்யப்பட்ட "லிபர்டி" என்ஜினின் வழியில் வந்தது. குளிர்ந்த இங்கிலாந்தில் அது ஓடியது. பாலைவனத்தின் மணலையும் வெயிலையும் அதனால் தாங்க முடியவில்லை. தண்ணீர் பம்பு ஒழுகும். விசிறியை ஓட்டும் சங்கிலி தளர்ந்து போகும். என்ஜின் கொதிக்கும். கப்பலில் வந்து இறங்கிய புது டாங்கிகளைக்கூட நேரே போர்முனைக்கு அனுப்ப முடியாது. முதலில் பட்டறைக்கு அனுப்பவேண்டும்.

பழுதாகி நின்ற டாங்கி, எதிரி சுட்டு வீழ்த்திய டாங்கியைப் போலவே நஷ்டம்தான். பாலைவன யுத்தத்தில் சண்டை முடிந்தபிறகு களம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் இரவோடு இரவாக உடைந்த டாங்கிகளை இழுத்துச் சென்று செப்பனிடுவார்கள். பின்வாங்குகிறவன், சிறு கோளாறால் நின்ற வண்டியையும் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். ஜெர்மானியர் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள். இன்று அடிபட்ட டாங்கி சில நாட்களில் மீண்டும் சண்டைக்கு வந்துவிடும்.

1941-ம் ஆண்டின் நடுவில் அமெரிக்காவிலிருந்து "ஸ்டூவர்ட்" என்ற சிறு டாங்கி வந்தது. பீரங்கி சிறியதுதான். பெட்ரோலும் வெகு தூரத்துக்குப் போதாது. ஆனால் ஓட்டினால் ஓடும்! நிற்காது, சங்கிலிப் பட்டை கழன்று விழாது. ஆங்கிலச் சிப்பாய்கள் மகிழ்ச்சி தாங்காமல் அதற்குத் "தேன்" என்று செல்லப் பெயர் வைத்தார்கள். நம்பி ஏறலாம் என்ற ஒரு குணத்துக்காகவே ஒரு யந்திரத்துக்குத் தேன் என்று பெயர் கிடைத்தது என்றால், அதற்கு முன்பு அவர்கள் எவ்வளவு கசப்பைக் குடித்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

தெரிந்தும் மாற்றவில்லை

இரண்டு ராத்தல் பீரங்கி போதாது என்பது லண்டனில் இருந்தவர்களுக்குத் தெரியாதா?

தெரியும். யுத்தம் மூளுவதற்கு முன்பே அதைவிடப் பெரிய ஆறு ராத்தல் பீரங்கிக்கு வேலை தொடங்கிவிட்டார்கள். 1940-ல் அதை உற்பத்தி செய்யத் தயாராகவும் இருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் டன்கர்க் வந்தது. 1940-ம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் பிரிட்டிஷ் படை பிரான்ஸ் நாட்டை விட்டுக் கடல் வழியாகத் தப்பி வந்தது. ஆட்கள் வந்தார்கள். ஆயுதங்கள் வரவில்லை. நூற்றுக்கணக்கான டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் கடற்கரையிலும் சாலைகளிலும் கிடந்தன.

ஹிட்லர் எந்த நாளிலும் இங்கிலாந்தில் இறங்கலாம் என்ற பயம். தடுக்கக் கையில் ஆயுதம் இல்லை. தொழிற்சாலையைப் புதுப் பீரங்கிக்கு மாற்றினால், மாற்றி முடியும்வரை உற்பத்தி குறையும். 100 புதுப் பீரங்கி செய்யும் நேரத்தில் 600 பழைய பீரங்கி செய்துவிடலாம் என்று கணக்குச் சொன்னார்கள்.

நாளை வரும் நல்ல பீரங்கியா? இன்று கிடைக்கும் சுமாரான பீரங்கியா?

சர்க்கார் பழையதையே தேர்ந்தெடுத்தது. வீட்டு வாசலில் திருடன் நிற்கும்போது, கைக்கு அகப்பட்ட கம்பை எடுக்காமல் ஆசாரியிடம் புதுத் தடி செய்யச் சொல்கிறவர் யார்? அன்று அது நியாயமான முடிவுதான்.

ஆனால் ஹிட்லர் இங்கிலாந்தில் இறங்கவில்லை. ரோமல் ஆப்பிரிக்காவில் இறங்கினார். லண்டனைக் காப்பாற்றச் செய்த கணக்கின் விலையை லிபியா பாலைவனத்தில் இருந்த இளைஞர்கள் கொடுத்தார்கள். ஆறு ராத்தல் பீரங்கி பொருத்திய குருசேடர் அவர்கள் கைக்கு வந்தது 1942-ம் ஆண்டின் நடுவில்தான்.

இரண்டு பீரங்கி வைத்த டாங்கி

பிரிட்டிஷ் நிபுணர்கள் 1940-லேயே அமெரிக்காவுக்குப் போனார்கள். எங்கள் டாங்கிகளை உங்கள் தொழிற்சாலைகளில் செய்து கொடுங்கள் என்றார்கள். அமெரிக்கர்கள் மறுத்துவிட்டார்கள். நாங்கள் போடும் திட்டப்படி செய்வதானால் சரி என்றார்கள்.

அமெரிக்கர்களிடம் நல்ல பீரங்கி ஒன்று இருந்தது. 75 மில்லி மீட்டர். பிரான்சின் புகழ்பெற்ற 1897-ம் ஆண்டுப் பீரங்கியின் வாரிசு அது. துளைக்கும் குண்டையும் சுடும்; சுமார் 15 ராத்தல் எடையுள்ள வெடிகுண்டையும் சுடும். பாலைவனத்தில் இல்லாமல் போனது எதுவோ அது இதில் இருந்தது.

ஆனால் ஒரு சங்கடம். இவ்வளவு பெரிய பீரங்கியைத் தாங்கும் சுழல் கோபுரம் இன்னும் தயாராகவில்லை. அது தயாராகும்வரை காத்திருக்க நேரமும் இல்லை. எனவே பீரங்கியை டாங்கியின் உடலிலேயே வலது பக்கத்தில் பொருத்தினார்கள். மேலே சிறு கோபுரத்தில் 37 மில்லி மீட்டர் பீரங்கி ஒன்று. ஒரே டாங்கியில் இரண்டு பீரங்கிகள்!

இந்த டாங்கிக்குப் பெயர் வைத்ததிலும் ஒரு தமாஷ் இருக்கிறது. அமெரிக்கக் கோபுரம் வைத்த வகைக்கு "லீ" என்று பெயர். பிரிட்டிஷார் கேட்டபடி மாற்றிய கோபுரம் வைத்த வகைக்கு "கிராண்ட்" என்று பெயர். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் எதிர் எதிராக நின்று போரிட்ட இரண்டு தளபதிகளின் பெயர்கள் அவை. பகைவர்கள் இருவரும் ஒரே டாங்கிக்கு இரட்டைப் பிள்ளைகள் ஆனார்கள்.

1942-ம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி காலை, கஸாலா என்ற இடத்துக்குத் தெற்கே, ரோமலின் டாங்கிகள் வழக்கம்போல் முன்னேறின. அன்று அவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. இதுவரை கண்டிராத தூரத்திலிருந்து குண்டுகள் வந்தன. வெடிக்கும் குண்டுகளும் வந்தன. புதிய அமெரிக்க டாங்கி தம் அணிகளைக் கிழித்துவிட்டது என்று ரோமலே பிறகு தம் குறிப்புகளில் ஒப்புக்கொண்டார்.

பீரங்கிக் குழியைப் பார்த்து மனம் பதறிய டாங்கி வீரனுக்கு முதல்தடவையாகத் திருப்பி அடிக்க ஒரு கை கிடைத்தது.

ஆயினும் கிராண்ட் ஒரு அவசரப் பிள்ளைதான். பெரிய பீரங்கியைச் சிறிது தூரம்தான் இடமும் வலமும் திருப்பலாம். அதற்கு மேல் வேண்டுமானால் டாங்கியையே திருப்பவேண்டும். மேட்டுக்குப் பின்னால் உடலை மறைத்துக்கொண்டு சுடவும் முடியாது. பீரங்கி கீழே இருப்பதால், சுடவேண்டுமானால் ஏறக்குறைய முழு டாங்கியும் வெளியே வந்து நிற்கவேண்டும். உயரமோ மிக அதிகம். போதாததற்கு, தகடுகளை ஆணி அடித்துச் சேர்த்திருந்தார்கள். வெளியே குண்டு பட்டால் ஆணி தெறித்து உள்ளே இருப்பவர் மேல் பாயும்.

பிரிட்டிஷ் தளபதிகளோ தங்கள் டாங்கிகளை ஒரே இடத்தில் சேர்த்து வைக்காமல் பிரித்துப் பிரித்துச் சண்டைக்கு அனுப்பினார்கள். ரோமல் ஒவ்வொன்றாக முறித்தார். அந்தத் தோல்வியின் முடிவில்தான் டோப்ரக் விழுந்தது. வெள்ளை மாளிகைக்குத் தந்தி போனது.

மூழ்கிய கப்பல்

இப்போது சர்ச்சிலின் வேண்டுகோளின் பொருள் விளங்கும்.

கிராண்டின் குறையைத் தீர்க்கப் பிறந்தது ஷெர்மன். அதே 75 மில்லி மீட்டர் பீரங்கி. ஆனால் அது மேலே, சுழல் கோபுரத்தில் இருந்தது. எந்தத் திசையிலும் திருப்பலாம். மேட்டுக்குப் பின்னால் உடலை மறைத்துக்கொண்டு, கோபுரத்தை மட்டும் காட்டிச் சுடலாம். எடை சுமார் 30 டன். முன்பக்கத் தகடு சாய்வாக இருந்தது. 5 பேர் ஏறும் வண்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, அமெரிக்கக் கார்களைப் போல நம்பி ஓட்டலாம்.

1942 பிப்ரவரியில்தான் முதல் ஷெர்மன் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அமெரிக்கப் படைகளே இந்த டாங்கிக்காக ஆவலோடு காத்திருந்தன. கையில் வந்ததைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுப்பது எந்தச் சேனாபதிக்கும் கஷ்டமான காரியம். ஆனாலும் அமெரிக்க ராணுவத் தலைவர் ஜெனரல் மார்ஷல் இணங்கினார். 300 ஷெர்மன் டாங்கிகளும் 100 தானியங்கிப் பீரங்கி வண்டிகளும் கப்பலேறின.

வழியில் ஒரு கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அதில் டாங்கி என்ஜின்கள் இருந்தன. யாரும் கேட்காமலேயே அமெரிக்கா வேறொரு வேகமான கப்பலில் மறுபடியும் அனுப்பி வைத்தது.

செப்டம்பர் மாதம் அவை சூயஸ் துறைமுகத்தில் இறங்கின. பட்டறைகளில் இரவு பகலாக வேலை நடந்தது. மணல் தடுப்புத் தகடுகள் மாட்டினார்கள். மஞ்சள் வர்ணம் பூசினார்கள். வீரர்களுக்குப் புதுப் பாடம் தொடங்கியது. அதுவரை பாய்ந்து சென்று அருகில் நின்று சுடவே பழகியவர்கள் அவர்கள். இப்போது தூரத்தில் நின்று, குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து, முன்னும் பின்னும் திருத்தி, பீரங்கிப் படைக்காரனைப்போலச் சுடப் படிக்கவேண்டி இருந்தது.

அலமைன்

1942-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 23-ந் தேதி இரவு, எகிப்தில் எல் அலமைன் என்ற இடத்தில், ஜெனரல் மான்ட்கோமரியின் படை தாக்கியது. சுமார் 900 பீரங்கிகள் ஒரே நேரத்தில் முழங்கின.

அன்று அவரிடம் ஆயிரத்துக்கு மேல் டாங்கிகள் இருந்தன. அவற்றில் சுமார் 250 ஷெர்மன். சுமார் 170 கிராண்ட். மற்றவை குருசேடர், ஸ்டூவர்ட், வாலன்டைன் முதலியவை. எதிர்ப் பக்கத்தில் ஜெர்மன், இத்தாலிய டாங்கிகள் எல்லாம் சேர்ந்து சுமார் 500.

புது டாங்கி வந்ததும் வெற்றி ஓடி வந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். 12 நாட்கள் கடும் போர் நடந்தது. நவம்பர் 2-ந் தேதி விடியற்காலையில் 9-வது கவசப் படை, எதிரியின் பீரங்கி வரிசையை நேருக்கு நேர் தாக்கியது. இருள் விலகுவதற்குள் பீரங்கிகளைக் கடந்துவிட வேண்டும் என்பது திட்டம். புறப்படத் தாமதமாயிற்று. முதுகுக்குப் பின்னால் சூரியன் எழுந்தது. வெளிச்சத்தில் டாங்கிகள் நிழலுருவமாகத் தெரிந்தன. 94 டாங்கிகளில் முக்கால் பங்குக்கு மேல் வீழ்ந்தன. சென்ற 400 பேரில் சுமார் 230 பேர் மாண்டார்கள், காயம்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். ஷெர்மனும் எரிந்தது, கிராண்டும் எரிந்தது, குருசேடரும் எரிந்தது.

அந்தப் பலி வீண் போகவில்லை. பீரங்கி வரிசை நொறுங்கியது. அன்றே ரோமல் தம் டாங்கிகளைத் திரட்டி எதிர்த் தாக்குதல் நடத்தினார். பின்னால் வந்த பிரிட்டிஷ் டாங்கிகள் இப்போது துரத்திக்கொண்டு ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்தே தூரத்தில் வைத்துச் சுட்டன. மாலைக்குள் ரோமலிடம் ஓடக்கூடிய ஜெர்மன் டாங்கிகள் சுமார் 35-தான் மிஞ்சின. 4-ந் தேதி அவர் பின்வாங்கினார்.

ஷெர்மனுக்கும் காலம் வந்தது

ஷெர்மன் சுமார் 50 ஆயிரம் செய்யப்பட்டது. ஆனால் அதற்கும் ஒரு காலம் வந்தது.

1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் இறங்கின. அங்கே ஜெர்மானியர் "டைகர்", "பாந்தர்" என்ற கனத்த டாங்கிகளை நிறுத்தியிருந்தார்கள். ஷெர்மனின் குண்டு அவற்றின் நெற்றியில் பட்டுத் தெறித்தது. அவர்கள் குண்டு ஷெர்மனைத் துளைத்தது. உள்ளே அடுக்கியிருந்த குண்டுகள் தீப்பற்றின.

பிரிட்டிஷார் இந்தத் தடவை காத்திருக்கவில்லை. நீளமான பதினேழு ராத்தல் பீரங்கியை ஷெர்மனுக்குள்ளேயே நுழைத்துவிட்டார்கள். அந்த டாங்கிக்குப் பெயர் "பயர்பிளை", அதாவது மின்மினி. நான்கு டாங்கி கொண்ட அணியில் ஒன்றுதான் கொடுக்க முடிந்தது. நீளமான குழாயைக் கண்டதும் ஜெர்மானியர் முதலில் அதையே குறிவைத்தார்கள். அதனால் குழாயின் முன்பாதிக்கு வேறு வர்ணம் பூசிக் குட்டையாகக் காட்டினார்கள் நம் கெட்டிக்காரர்கள்!

மலை ஏறிய பழைய டாங்கி

அப்படியானால் ஆப்பிரிக்காவில் கழித்துவிட்ட அந்த இரண்டு பீரங்கி டாங்கி என்ன ஆயிற்று?

அது இந்தியாவுக்கு வந்தது.

1944-ல் ஜப்பானியர் பர்மாவிலிருந்து மணிப்பூருக்குள் புகுந்து இம்பாலைச் சுற்றி வளைத்தார்கள். இம்பாலுக்கு அருகே நுன்ஷிகும் என்று ஒரு குன்று. சமவெளியிலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் உயரம். அதை ஜப்பானியர் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து பார்த்தால் விமான தளம் வரை தெரியும். முற்றுகையில் இருந்த படைக்கு அரிசியும் மருந்தும் ஆகாய மார்க்கமாகத்தான் வந்துகொண்டிருந்தன. குன்று போனால் எல்லாம் போகும்.

ஏப்ரல் மாதம் 13-ந் தேதி. இந்தியப் படையின் டோக்ரா வீரர்கள் குன்றின்மேல் ஏறினார்கள். அவர்களோடு பிரிட்டிஷ் குதிரைப்படை மரபில் வந்த 3-வது காரபினியர்ஸ் படையின் "லீ" டாங்கிகளும் ஏறின. டாங்கி ஏறக்கூடிய இடம் அல்ல அது. உச்சியில் பாதை ஒரு வரப்பைப்போல ஒடுங்கிவிட்டது. ஒரு முழம் தவறினால் டாங்கி பள்ளத்தில் உருளும். உள்ளே இருந்தபடி டிரைவருக்கு வழி சொல்ல முடியாது. எனவே டாங்கித் தலைவர்கள் கோபுரத்துக்கு வெளியே தலையை நீட்டி வழிகாட்டினார்கள். ஜப்பானியர் அந்தத் தலைகளைக் குறிவைத்துச் சுட்டார்கள்.

டாங்கிப் படையின் அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்தார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகும் தாக்குதல் நிற்கவில்லை. டாங்கிப் படையின் சார்ஜண்ட் மேஜர் ஒருவரும், டோக்ரா படையின் சுபேதார்களும் சேர்ந்து சண்டையை நடத்தினார்கள். டாங்கியின் 75 மில்லி மீட்டர் பீரங்கி, மரக்கட்டையும் மண்ணும் போட்டுக் கட்டிய ஜப்பானியப் பதுங்கு குழிகளை மிக அருகில் நின்று உடைத்தது. குன்று மீட்கப்பட்டது.

பாலைவனத்தில் உயரமாக இருந்ததற்காகவும், பீரங்கி கீழே இருந்ததற்காகவும் ஒதுக்கப்பட்ட டாங்கி அது. இங்கே ஜப்பானியரிடம் 88 மில்லி மீட்டர் பீரங்கி இல்லை. இரண்டாயிரம் கஜத் திறந்த வெளியும் இல்லை. எனவே அந்தக் குறைகள் இங்கே குறைகளாகவே தெரியவில்லை. அதன் வெடிகுண்டும் உழைப்பும் மட்டும் பயன்பட்டன. அடுத்த ஆண்டு, 1945 மார்ச்சில், மெய்க்டிலா நகரை மீட்கப் புறப்பட்டபோது, ஷெர்மன் டாங்கிகளில் ஏறிச் சென்றவர்களில் "புரோபின்ஸ் ஹார்ஸ்", "டெக்கான் ஹார்ஸ்" என்ற இந்தியப் படைகளும் இருந்தன.

டாங்கிகளின் கதையைப் படிப்பவர்கள் எத்தனை அங்குலத் தகடு, எத்தனை குதிரை சக்தி என்று ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். பாலைவனத்தில் இருந்த வீரனுக்கு அந்தப் பட்டியல் தேவைப்படவில்லை. மணல் மேட்டுக்குப் பின்னால் ஒரு பீரங்கி அவனைக் குறி பார்த்துக்கொண்டு இருந்தது. அதைத் திருப்பி அடிக்க முடியுமா, அதுவரை வண்டி நிற்காமல் ஓடுமா என்ற இரண்டே கேள்விகள்தான் அவனுக்கு.

குருசேடர் இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை. கிராண்ட் அரைகுறையாகச் சொன்னது. ஷெர்மன் சொன்னது. அதனால் மாற்றினார்கள்.

1940-ல் லண்டனில் போட்ட கணக்குக்கும் 1942-ல் சூயஸில் வந்திறங்கிய கப்பல்களுக்கும் இடையே இரண்டு ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளில் மாற்றாமல் போனவற்றின் அடையாளமாக, டோப்ரக்கிலும் அலமைனிலும் ராணுவக் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன.